வெயிலாள் முதுகில் விழுந்த படம்

நம்புறவங்க உக்காந்து கேளுங்க, நம்பாதவங்க எந்திரிச்சுப் போயி மூஞ்சியக் கழுவிட்டு வந்து கேளுங்க, ரெண்டு பேருக்கும் சேத்துத்தான் சொல்றேன், ஏன்னா நானே யாரையும் லேசுல நம்புறவ இல்லை. பால்காரன் ஊத்துற பாலை வெரல்ல தொட்டுப் பாக்குறவ, எழவு வீட்டுல அழுறவ கண்ணுல நெசமா தண்ணி வருதான்னு எட்டிப் பாக்குறவ. என் பேரு சோலையம்மா. காலண்டர் அடிக்கிற பிரஸ்ல பைண்டிங் வேலை, இருபத்திரெண்டு வருசமா. கட்டிங் மிஷின் என் இடது கை மோதிர வெரல்ல ஒரு கணுவைக் கடிச்சுத் துப்பின அன்னைக்கு, மிஷின் மேல குத்தமில்லை, சோலையம்மாதான் பராக்குப் பாத்தான்னு மேனேஜர் ஒரு தாள்ல எழுதிக் கொண்டாந்தாரு, ரத்தம் சொட்டச் சொட்ட நானும் அதுல கையெழுத்துப் போட்டேன். அதுலருந்துதான் எனக்கு இந்தப் புத்தி.

வெயிலாள் என் தம்பி அழகுமலை பொண்டாட்டி. வெயிலுகந்த அம்மன் பேரை வச்சிருந்தாங்க அவளுக்கு, பேருக்கேத்த மாதிரி உச்சி வெயில்ல செருப்பில்லாம நடந்து போவா. நான்தான் அவளை எங்க பிரஸ்ல சேத்துவிட்டேன். மிஷின் ரோலர்ல படிஞ்ச மையைப் பனியன் வேஸ்ட்டால தொடைச்சு எடுக்குறது அவ வேலை. ஆடிப்பெருக்கு அன்னைக்கு புது வருசக் காலண்டர் மாதிரியெல்லாம் ஆல்பமாப் போட்டு, ஊர் ஊரா ஆர்டர் வந்து குவிஞ்சு, மிஷின் மூச்சு விடாம ஓடுற ஆவணி மாசத்துல, மை தொடைக்கிற பழைய மருந்துக்குப் பதிலா ஒரு நீல டிரம் வந்து எறங்குச்சு. வாழைப்பழம் அழுகின மாதிரி ஒரு இனிப்பு வாடை. மை என்னமா போகுது தெரியுமா, ஒரு தொடைப்புல ரோலர் கண்ணாடியா மின்னுச்சு, எல்லாருக்கும் சந்தோசம். எனக்கு மட்டும் இவ்வளவு சுத்தமாத் தொடைக்கிறது வேற எதையெல்லாம் தொடைக்குமோன்னு ஒரு கேள்வி வந்துச்சு, கேள்வியோட சோத்தைத் தின்னுட்டு வேலைக்குப் போயிட்டேன்.

பதினஞ்சாம் நாள் வெயிலாள் கை ரெண்டும் செவந்துச்சு. வெயில் பட்டா மொளகாயை அரைச்சு அப்பின மாதிரி எரியுது மதினின்னு சொன்னா, கொப்புளம் வந்துச்சு, வத்துச்சு, தோலு கருத்துச்சு. அடுத்த வாரம் அவ வேப்ப மரத்தடியில நின்னுட்டு வீட்டுக்கு வந்தா, முழங்கையில ஒரு வேப்பங்கொத்து அப்பிடியே வெளேர்னு விழுந்து கெடந்துச்சு, ஒவ்வொரு இலையோட நரம்பும் இலையை அரிச்ச பூச்சியும் உட்பட. நெழலு விழுந்த எடம் வெளுப்பாவும் வெயில் விழுந்த எடம் கருப்பாவும் அச்சாகியிருக்குன்னு எங்க தெருவுல யாருக்கும் விளக்க வேண்டியிருக்கலை, எல்லாரும் பிரஸ் சனம். வேப்பிலைன்னதும் அம்மன் எறங்கிட்டான்னு ஒருத்தி மஞ்சத்தண்ணி கொண்டாந்தா. இன்னொருத்தி எச்சியத் தொட்டு அழிச்சுப் பாத்தா. மூணாம் நாள் அந்தத் தோலு வெங்காயச் சருகு மாதிரி உரிஞ்சு விழுந்துச்சு, அதுக்குள்ள அடுத்த படம் விழுந்திருந்துச்சு, அவ்வளவுதான் சங்கதி.

முதல்ல எல்லாருக்கும் அது வேடிக்கையாத்தான் இருந்துச்சு. சாவியைக் கொண்டாந்து அவ கைக்கும் வெயிலுக்கும் நடுவுல பிடிச்சாங்க, சாவி விழுந்துச்சு. கோலத்தட்டைப் பிடிச்சாங்க, கோலம் விழுந்துச்சு. காலையில காலண்டர்ல ராகுகாலம் பாக்குறவங்க அப்பிடியே எட்டி வெயிலாள் கையில இன்னைக்கு என்ன விழுந்திருக்குன்னும் பாத்துட்டு வேலைக்குப் போனாங்க. பறவை விழுந்திருந்தா பிரயாணம், குடம் விழுந்திருந்தா நல்ல சேதின்னு பலன்கூட ஆளுக்கு ஆள் சொன்னாங்க. அவளுக்கு எரியுதான்னு கேட்டது நான் ஒருத்தி. மோர்ல துணியை நனைச்சு அவ கையிலயும் முதுகுலயும் சுத்திவிட்டது நான். அதை இப்பச் சொல்லிக்கிறதுல எனக்கு வெக்கமாயிருக்கு, ஏன்னு போகப்போகத் தெரியும்.

அப்புறம் கோனார் வீட்டு ஆடு காணாமப் போச்சு. ரெண்டு நாள் தேடினாங்க, மூணாம் நாள் காலையில வெயிலாள் இடது தோளுல அந்த ஆடு, காதுல இருந்த ஓட்டையோட, டீக்கடைக்காரர் கக்கத்துல இடுக்குன மாதிரி விழுந்திருந்துச்சு. அம்புட்டுத்தான், அன்னையிலருந்து எங்க தெருவுல வேடிக்கை செத்துப்போச்சு. மடியில கனமிருந்தாத்தானே வழியில பயம்? எங்க தெருவுல மடியில கனமில்லாத ஆளே இல்லைன்னு அப்பத்தான் எனக்கே தெரிஞ்சுச்சு. வெயிலாளுக்கும் சூரியனுக்கும் நடுவுல ஒருத்தர் வரலை; காலையில எல்லாரும் அவளுக்கு மேற்காலயும் சாயங்காலம் கெழக்காலயும் நடந்தாங்க, டீக்கடை பெஞ்சைத் திருப்பிப் போட்டாச்சு, ரேஷன் கடைக்காரர் சாக்கைத் தொங்கவிட்டாரு, மழை பெய்யாத ஊருல ஆம்பளைங்கல்லாம் குடை பிடிச்சாங்க. எங்கயாச்சும் ரெண்டு பேரு சிரிச்சுப் பேசுனா மூணாவது ஆளு வெயிலாள் எங்க நிக்கிறான்னு திரும்பிப் பாத்தாரு.

என் தம்பி லாரி ஓட்டுறவன், மாசத்துல ரெண்டு தடவை வருவான். வந்ததும் முந்தியெல்லாம் சோறு கேப்பான். இப்ப அவளை வாசல் வெளிச்சத்துக்குக் கூப்பிட்டு, கையைத் திருப்பி, கழுத்தைத் திருப்பி, யாரு யாரு விழுந்திருக்காங்கன்னு பாத்துட்டுத்தான் கையைக் கழுவுனான். "இது யாரு?" "தண்ணி லாரிக்காரரு. வரிசையில நின்னேன்." "இவ்வளவு கிட்டத்துலயா?" அவ முந்தானையை இழுத்து மூடிக்கிட்டா. அவன் போனப்புறம் என்கிட்ட வந்து, "மதினி, எரியுறதுகூடத் தாங்கிக்கிறேன், இவரு படிக்கிறதுதான் தாங்க முடியலை"ன்னு சொல்லி மூஞ்சியைப் பொத்திக்கிட்டா. கூடப்பொறந்த தம்பியா போயிட்டான், இல்லைன்னா வெளக்குமாத்தை எடுத்திருப்பேன்.

கவர்மென்ட் ஆஸ்பத்திரித் தோல் டாக்டரம்மா நல்ல மனுசி, படத்தைப் பாத்து அவங்க ஆச்சரியப்படவுமில்லை, கும்பிடவுமில்லை. "இது நீங்க தொடைக்கிற மருந்தால வர்றது. அது தோலுக்குள்ள ஊறிக்கிட்டு வெயிலுக்காகக் காத்துக் கெடக்கு. இப்ப இமை வரைக்கும் வந்திருச்சு, அடுத்தது கண்ணுதான். மருந்தோட பேரு என்னம்மா?" தெரியாதுன்னோம். "பேரு தெரியாம நான் கண்ணுக்கு எதைக் கொடுத்தாலும் இன்னும் கெடுத்தாலும் கெடுத்திரும். சோதனைக்கு அனுப்பினா பதில் வர்றதுக்குள்ள கண்ணு போயிரும். டிரம் மேல லேபிள் ஒட்டியிருப்பாங்க, அதுல எழுதியிருக்கும், அதைக் கொண்டாங்க. பேரு கெடைச்சா வைத்தியமும் பாப்பேன், வேலையால வந்த வியாதின்னு எழுதியும் தருவேன்." வெளிய வந்ததும் வெயிலாள், "ஒரு பேருதானே மதினி, கேட்டா தரமாட்டாகளா?"ன்னா. வெள்ளந்தி.

டிரம்மைப் போயிப் பாத்தோம். லேபிள் இருந்த எடத்துல பசைதான் இருந்துச்சு. மேனேஜர் செண்பகமூர்த்தி, "நான் கிழிக்கலைம்மா, என் புள்ளைங்க மேல சத்தியம். வந்தப்ப இருந்துச்சு, இப்ப இல்லை. வித்த ஆளும் கடையைப் பூட்டிட்டு வடக்க போயிட்டான்"னாரு. யாரு நம்புவா? அடுத்த நாளே அவரு டிரம்மைச் சுத்தித் தகரம் அடிச்சாரு, வெயிலாளுக்கு ஒரு கறுப்புக் குடையும் வாங்கிக் கொடுத்தாரு. கோழிக்குக் குடை பிடிக்கிற நரியை நான் பாத்ததில்லைன்னு மூஞ்சிக்கு நேராச் சொன்னேன். அதுக்கப்புறம் பிரஸ் கேட்டுல நின்னுக்கிட்டு, லேபிளைக் கிழிச்ச கை அழுகிப் போகட்டும்னு மண்ணை வாரித் தூத்துனேன், ஒரு தடவை இல்லை, தெனமும் மூணு சிப்டு ஆளுங்க கேக்குற மாதிரி தூத்துனேன். இன்னும் ரெண்டு பொண்ணுங்களுக்குக் கை செவக்க ஆரம்பிச்சிருந்துச்சு.

சாமியையும் விடலை. எங்க வீட்டு சாமி மாடத்துல புதுசா ஒரு சாமி உண்டு. பேரு தெரியாது, சிவப்புக் கோடு போட்ட ஒரு கட்டத்துக்குள்ள கறுப்பா ஒரு ஆளு, நெஞ்சுல வெள்ளையா ஒரு நட்சத்திரம் பூத்திருக்கும். இந்தியாவுல இருக்குற அத்தனை சாமிக்கும் காலண்டர் அடிக்கிற ஊரு இது, தெரியாத சாமி படம் பிரஸ்ல கெடைச்சா நான் விடமாட்டேன், பொன்னாட்டம் கத்தரிச்சுக் கொண்டாந்து சட்டம் போட்டு மஞ்சள் குங்குமம் வச்சிருவேன். நெஞ்சுல வெளிச்சம் இருக்குற சாமி வெளிச்சத்தால வந்த நோவைத் தீக்கும்னு நான்தான் சொன்னேன். தெருப் பொம்பளைங்க வெள்ளிக்கெழமை வெள்ளிக்கெழமை வந்து கற்பூரம் காட்டுனாங்க. வெயிலாள் முக்காட்டைப் போட்டுக்கிட்டு வந்து விழுந்து கும்பிட்டா.

கார்த்திகையில அவளுக்கு வலது கண்ணு தெறக்க முடியாமப் போச்சு. ஜன்னலெல்லாம் சாக்கு போட்டு மூடிட்டு வீட்டுக்குள்ளயே கெடந்தா. வெயில் படாததால புதுப் படம் விழலை, தினசரி காலண்டர்ல தாளு கிழியக் கிழிய பழைய தேதி திரும்பி வர்ற ஒரு காலண்டரை நினைச்சுக்கங்க, அப்பிடி ஒவ்வொரு தோலா உரிய உரிய, முந்தியே உரிஞ்சு போச்சுன்னு நெனச்ச படமெல்லாம் அடித்தோலுல ஊறிக் கெடந்து மேல வந்துச்சு. தண்ணி லாரி, அதுக்கடியில ஆடு, அதுக்கடியில கோலம், அதுக்கடியில வேப்பங்கொத்து. ஒரு செவ்வாய்க்கெழமை முற்பகல்ல மோர்த்துணி போடுறதுக்காக ரவிக்கையை எறக்கச் சொல்லி, சாக்கு ஓட்டை வழியா வந்த துளி வெளிச்சத்துல பாத்தேன். முதுகுல ஒரு படம். எல்லாத்துக்கும் அடியில கெடந்த முதப் படம்.

டிரம் வந்து எறங்குன அன்னைக்கு மத்தியானம் அது. அன்னைக்குத்தான் அவ மருந்து டப்பாவைத் தோள்ல தூக்கிட்டு வந்து, மூடி இறுகாம முதுகெல்லாம் வழிய விட்டிருந்தா. நனைஞ்சு ஒட்டுன மெல்லிசு ரவிக்கையோட குழாயடியில குந்தி எங்க ரெண்டு பேரு தூக்குச்சட்டியையும் கழுவிக்கிட்டிருந்தா. அவளுக்குப் பின்னாடி, சூரியனுக்கு முன்னாடி, ஒருத்தி குனிஞ்சு நிக்கிறா. டிரம்முல ஒட்டியிருக்குற லேபிளை முனை கிழியாம பதனமா உரிக்கிறா. லேபிள்ல பொடிப்பொடியா எழுத்து, ஓரத்துல சின்னதா ஒரு கட்டம், கட்டத்துக்குள்ள நெஞ்சுல நட்சத்திரம் பூத்த ஆளு. உரிக்கிற கையில மோதிர வெரலு ஒரு கணு கம்மி.

ஆத்தாடி.  பொய் சொல்லலை, அது லேபிள்னே எனக்குத் தோணலை! எனக்கு அது படம், சாமி படம், வழவழன்னு நல்ல தாளு. எழுத்திருந்த பக்கத்தைக் கத்தரிச்சு அடுப்புல போட்டுட்டுப் படத்தை மட்டும் வச்சுக்கிட்டேன். இத்தனை நாளா நான் மண்ணை வாரித் தூத்துனது என் கைக்குத்தான்.

"என்ன மதினி, சத்தத்தையே காணோம்? என்ன விழுந்திருக்கு?"

"வேப்ப மரம்"னேன். வாயி தானா சொல்லிருச்சு.

அந்தத் தோலோட ஓரம் அப்பவே சுருள ஆரம்பிச்சிருந்துச்சு. நாளைக்கு உரிஞ்சிரும். நகத்தை வச்சு இழுத்தா இப்பவே உரிஞ்சிரும், எடுத்து அடுப்புல போட்டா எழுத்து போன வழியிலயே இதுவும் போயிரும், மேனேஜர் திருடனாவே இருப்பாரு, நான் மதினியாவே இருப்பேன். நகத்தை வச்சேன்னே சொல்றேன். மறைச்சு என்ன ஆகப்போகுது, வச்சேன்.

"வேப்ப மரம்தானா? நான்கூட யாராச்சும் இருப்பாகளோன்னு பயந்தேன்"னு சொல்லிட்டு அவ மூஞ்சியத் திருப்புனா, வலது கண்ணு ஒட்டிக் கெடக்கு, இடது கண்ணுல நீர் வடியுது. "எல்லாரும் எதையோ ஒளிச்சுக்கிட்டே எங்கிட்டப் பேசுறாக மதினி. இந்த முதுகை நான் உன்கிட்ட மட்டுந்தான் காட்டுறேன்."

கையை எடுத்துட்டேன். தெருவுக்கு ஓடி, எங்க பிரஸ்ல பிலிம் ஒட்டுற ஆவுடையப்பன் அண்ணாச்சியைக் கூட்டியாந்தேன். எழுத்தை எடம் வலமாத் திருப்பிப் போட்டாலும் தண்ணி மாதிரி வாசிக்கிறவரு அவரு, முதுகுல எல்லாம் திரும்பித்தான் விழுந்திருந்துச்சு. வெயிலாள்கிட்ட, "உன் மேல வேப்ப மரமில்லை, லேபிள் இருக்கு, அசையாம உக்காரு"ன்னு சொன்னேன். வாசல்ல கூட்டம் கூடிருச்சு. அண்ணாச்சி கண்ணாடியை மூக்குல எறக்கி, ஒவ்வொரு எழுத்தா வாசிச்சு, ஒரு தேதித்தாளுக்குப் பின்னாடி எழுதுனாரு. எழுதி முடிச்சவரு முதுகைப் பாத்தாரு, என் கையைப் பாத்தாரு, மறுபடி முதுகைப் பாத்தாரு.

"பேரு முழுசாக் கெடைச்சிருச்சு"ன்னாரு. அப்புறம் மெதுவா, "ஒரு கையும் இருக்கு சோலை. அதைச் சொல்ல வேண்டாம்ல?"

"சொல்லுங்க அண்ணாச்சி. கூட்டத்துக்குக் கேக்குற மாதிரி சொல்லுங்க."

அவரு சொல்லலை. நானே சொன்னேன். என் கையைத் தூக்கிக் காட்டிச் சொன்னேன்.  எல்லாரையும் விட்டுட்டு வெயிலாள் முதுகைத்தான் நான் பாத்தேன். அது ஒரு தடவை சிலுத்துச்சு, அப்புறம் ரவிக்கையை ஏத்திக்கிட்டா.

அன்னைக்கு மத்தியானமே டாக்டரம்மாகிட்டப் பேரு போயிருச்சு. சரியான சொட்டு மருந்து வந்துச்சு, பத்தாம் நாள் கண்ணு தெறந்துச்சு, வேலையால வந்த வியாதின்னு காயிதமும் வந்துச்சு. அந்தக் காயிதத்தைப் பாத்ததும் மேனேஜர் நீல டிரம்மை ஏத்தி அனுப்பிட்டாரு. பேரு தெரியாட்டியும் அதை முன்னாடியே நிறுத்தியிருக்கக் கூடாதான்னு நான் கேக்கலை, கேக்குற யோக்கியதை எனக்கு இல்லை, ஆனா கேள்வி இன்னும் அங்கனயேதான் நிக்குது. மத்த ரெண்டு பொண்ணுங்களுக்கும் செவப்பு எறங்கிருச்சு. இனிமே எந்த டிரம்முக்கும் இதுதான் எச்சரிக்கைன்னு அந்த நட்சத்திர நெஞ்சுப் படத்தையே பெரிசா அச்சடிச்சு பிரஸ் வாசல்ல ஒட்டுனாங்க. இது சாமி இல்லடி, உள்ளுக்குள்ள வெடிச்சுச் சாகுற மனுசன்டின்னு நான் தலையில அடிச்சுச் சொல்லிப் பாத்துட்டேன். பொம்பளைங்க தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டுத்தான் உள்ள போறாளுங்க. ஓரத்துல குங்குமம்கூட ஏறிருச்சு.

தெரு என்னைச் சும்மா விடுமா? நான் போனா பாத்திரத்தை உள்ள எடுத்து வச்சாங்க. என் தம்பி என் வீட்டு வாசப்படி மிதிக்கிறதில்லை. வெயிலாள் எங்கிட்டப் பேசலை, ஒரு மாசம், முழுசா ஒரு மாசம். நான் கொண்டுபோயி வச்ச மோர்ச்செம்பு வச்ச எடத்துலயே புளிச்சுக் கெடந்துச்சு. அவ மேல எனக்குக் கோவமில்லை. நான் அவளா இருந்தா செம்பை மூஞ்சியிலயே எறிஞ்சிருப்பேன்.

தை பொறந்து நாலாம் நாள், காலையில எட்டு மணி இருக்கும், ஆஸ்பத்திரிக்குக் கெளம்பி வாசல்ல நின்னா. இன்னும் வெயில் ஆகாது அவளுக்கு, ரெண்டு வருசமாவது ஆகும்னு டாக்டரம்மா சொல்லியிருந்தாங்க. என் வீட்டுப் பக்கம் திரும்பி, "மதினி"ன்னா. எனக்குக் காதை நம்ப முடியலை. மேனேஜர் கொடுத்த குடை என் வீட்டுலதான் கெடந்துச்சு, எடுத்துக்கிட்டு ஓடுனேன்.

"குடை வேண்டாம். நீ வா. கெழக்குப் பக்கம் வா."

"உன் மேல விழுந்திருவேன்டி"ன்னேன்.

"தெரியும். வா."

அவளுக்கும் சூரியனுக்கும் நடுவுல நாலு மாசமா ஒருத்தரும் நிக்காத எடத்துல போயி நின்னேன். அவ கண்ணுல வெயில் படாம நான் கையைத் தூக்கிப் பிடிக்க, அப்பிடியே நடந்தோம், தெரு பூரா பாத்துக்கிட்டு நின்னுச்சு. போறப்ப நான் கெழக்கால, வர்றப்ப உச்சி சாஞ்சதும் மேற்காலன்னு பேச்சு. ஆஸ்பத்திரி வாசல்ல அவ கையை நீட்டிக் காட்டுனா: என் மூஞ்சி, என் கொண்டை, தூக்கிப் பிடிச்ச கை, கணு கம்மியான வெரலு, எல்லாம் வெளேர்னு தெளிவா விழுந்திருந்துச்சு. எனக்கு அழுகை முட்டிக்கிட்டு வந்துச்சு.

"மூணு நாள்ல உரிஞ்சிரும்ல?"ன்னு கேட்டேன்.

"உரிஞ்சிரும்"னா வெயிலாள். "நாலாம் நாள் மறுபடியும் ஆஸ்பத்திரிக்கு வரணும். நீதான் வரணும்."